‘பிகாஸ்’ (because) ஆங்கில வாக்கியத்தின் தலையில் வரலாமா? – மலேசியா, சுங்கை சிப்புட் தோட்டத்து மக்கள் குழு

டியூஷன் அக்கா:
‘பிகாஸ் என்று ஆங்கில வாக்கியத்தைத் தொடங்கவே கூடாது’ என்று பழைய கிராணி (தோட்ட ஆபீஸ் எழுத்தர்) ஐயா நேற்று இங்கே எழுதினார். அதைப் படித்துவிட்டு என்னிடம் படிக்கும் படிவம் மூன்று மாணவி, சரியாக எழுதிய வரியை அழித்துவிட்டாள். ‘பிகாஸ் இட் ரெய்ன்ட், மை கிராண்ட்மதர் டிட் நாட் டேப்.’ இதில் என்ன தப்பு? காரணம் முன்னால், அப்புறம் கமா, பாட்டி ரப்பர் மரம் சீவவில்லை என்ற முதன்மை வாக்கியம் பின்னால் முழுதாக நிற்கிறது.

பழைய கிராணி:
நான் 1974-இல் எம்.சி.இ. என்ற பள்ளி இறுதித் தேர்வை எழுதியவன். தோட்ட ஆபீசில் 28 வருடம் ஆங்கிலக் கடிதம் எழுதினேன். ஒன்றுகூட பிகாஸில் தொடங்கியதில்லை. தலையில் வராது.

லயத்துப் பையன்:
க்ளாஸ் (clause) என்றால் என்ன, ஃபிரேஸ் (phrase) என்றால் என்ன, அதை முதலில் சொல்லுங்கள் அக்கா. எனக்கு அங்கேயே குழப்பம்.

டியூஷன் அக்கா:
ஐயா, நீங்கள் எழுதாதது எல்லாம் விதி ஆகிவிடாது. மலாய் பாடத்தில் ‘ஏனென்றால்’ என்று பொருள்படும் ‘கெரானா’வை வாக்கிய முதலில் போடாதே, அங்கே ‘ஓலே செபாப்’ (காரணத்தால்) போடு என்று சொல்லித் தருகிறார்கள். அதை அப்படியே ஆங்கிலத்துக்கும் கொண்டுபோகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ‘பாட்டி வேலைக்குப் போகவில்லை. ஏனென்றால் மழை பெய்தது.’ தமிழில் இது இரண்டு வாக்கியம், குறையே இல்லை. அதே பழக்கத்தில் ‘பிகாஸ் இட் ரெய்ன்ட்.’ என்று தனியாக எழுதி முற்றுப்புள்ளி வைக்கிறார்கள். ஆசிரியர் சிவப்பு மையில் சுழிக்கிறார். பிகாஸில் தொடங்கியதுதான் தப்பு என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது. ‘மழை பெய்ததால்’ என்று நிறுத்தினால் ‘அப்புறம்?’ என்று கேட்க மாட்டோமா? அந்த அப்புறம் இல்லாததுதான் தப்பு.

பழைய கிராணி:
எவ்வளவு நீளமாக எழுதினாலும் தலையில் வராது. ‘மை கிராண்ட்மதர் டிட் நாட் டேப் பிகாஸ் இட் ரெய்ன்ட்.’ இதுதான் ஆங்கிலம்.

செம்பனைக்காரன்:
இரண்டும் சரிதான், இடம் மாறினால் கமா போய்விடும். ஆனால் மழை நாளில் எந்தப் பாட்டி வீட்டில் இருந்தார்? எங்கள் தோட்டத்தில் அம்மாவைப் புல் வெட்ட அனுப்பி அரை நாள் கணக்குதான் எழுதினார்கள். செக்ரோல் என்ற வருகை, சம்பளப் பதிவேட்டை எழுதியது கிராணிமார்.

பழைய கிராணி:
செக்ரோலை ஏன் இழுக்கிறீர்கள் தம்பி? பட்டை நனைந்தால் பால் சீவிய கோட்டில் நிற்காமல் மரத்தில் வழியும், சீவ முடியாது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கொடுத்த கணக்கைத்தான் கிராணி எழுதுவான்.

செம்பனைக்காரன்:
உங்களைச் சொல்லவில்லை.

பழைய கிராணி:
கிராணிமார் என்றால் நானும்தான்.

டியூஷன் அக்கா:
சம்பளக் கணக்கைப் பிறகு பேசுங்கள். இப்போதைய பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மின் 1119 ஆங்கிலத் தாளில் எல்லாமே குட்டி வாக்கியமாக இருந்தால் கட்டுரை எடுபடாது. பிகாஸ், ஆல்தோ, வென், இஃப் எல்லாவற்றையும் முன்னும் பின்னும் வைத்து எழுதிப் பழக வேண்டும். ‘ஆல்தோ இட் ரெய்ன்ட், பட் ஷி வென்ட்’ என்று எழுதுகிறார்களே, ஆல்தோ வந்த பிறகு பட் எதற்கு? திருத்த வேண்டியது அது. சரியான வரியை அழிக்க வைத்தீர்களே ஐயா, எனக்கு அதுதான் ஆறவில்லை. ‘இஃப் யூ ஸ்டடி, யூ வில் பாஸ்’ என்று நேற்று நீங்களே எழுதினீர்கள். இஃப் தலையில் வரலாம், பிகாஸ் வரக்கூடாதா?

பழைய கிராணி:
இஃப் வேறு, பிகாஸ் வேறு. கேம்பிரிட்ஜ் தாள் எழுதியவர்கள் நாங்கள். எங்களுக்கு நீங்கள் சொல்லித் தர வேண்டாம்.

லயத்துப் பையன்:
க்ளாஸ் என்றால் என்ன என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

டியூஷன் அக்கா:
அந்த வரியை அவளை மறுபடி எழுத வைத்துவிட்டேன்.

பழைய கிராணி:
பள்ளியில் சுழிப்பார்கள், பாருங்கள். தலையில் வராது.

செம்பனைக்காரன்:
காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டது மண்டோர், சரி. மாதக் கடைசியில் செக்ரோலைக் கூட்டிப் பார்த்தது யார்? அதற்குப் பதில் சொல்லுங்கள் ஐயா.