இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

மஞ்சக்குப்பம், கடலூர்:

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கரையைக் கடந்த பிறகு எங்கள் தெருவுக்குப் பல நாட்கள் மின்சாரம் இல்லை. அப்போது கணக்கு ஆசிரியராக இருந்த நான், உயர் பகு எண்களைப் பற்றி இராமானுஜன் 1915-இல் வெளியிட்ட கட்டுரையின் ஒளிநகலை அந்த இரவுகளில்தான் அரிக்கேன் விளக்கடியில் முழுமையாகப் படித்தேன். தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் விட அதிக வகுத்திகளைக் கொண்ட எண்ணே உயர் பகு எண். 12-க்கு ஆறு வகுத்திகள் உண்டு. அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது.

கட்டுரையில் அவர் தந்த உயர் பகு எண் பட்டியலின் கடைசி எண் 6746328388800, அதாவது 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2-இன் அடுக்கு 6, 3-இன் அடுக்கு 4, 5-க்கும் 7-க்கும் அடுக்கு 2. அதன்பின் 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு முறை வருகின்றன. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 10080 வகுத்திகள் கிடைக்கின்றன. கடைசியில் நிற்கும் 23-ஐ எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று வகுத்துப் பார்த்தேன். 293318625600 வந்தது, வகுத்திகள் சரிபாதியாக 5040. அந்த எண்ணைப் பட்டியலில் தேடினேன். 195545750400-க்கு 4608 வகுத்திகள், அடுத்ததாக 321253732800-க்கு 5376 வகுத்திகள். நடுவில் எதுவுமே இல்லை.

பிழை என்னுடையது என்றே நம்பி, நோட்டில் பக்கம் மாற்றி மூன்று முறை வகுத்தேன். விடை மாறவில்லை. 4608-ஐ மிஞ்சும் 5040 அங்கே இருப்பதால், அந்த இரண்டு எண்களுக்கும் இடையில் உயர் பகு எண் ஒன்றாவது இருந்தே தீர வேண்டும் என்பது புரிந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. விடுபட்டது இந்த எண்ணேதான் என்பதையும், கணித அறிஞர்கள் அதை முன்பே குறித்திருப்பதையும் பின்னாளில் அறிந்தேன். இத்தனை பெரிய எண்களைக் கணிப்பொறியில்லாத காலத்தில் நூற்றுக்கு மேல் வரிசைப்படுத்தியவர் ஒன்றே ஒன்றைத் தவறவிட்டார் என்றால், அந்த உழைப்பின் அளவு எனக்கு அன்றுதான் உறைத்தது. 1910-இல் வேலை தேடி, இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய இராமசாமி ஐயரைப் பார்க்க அவர் வந்த திருக்கோவிலூர், அன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னார்க்காட்டில்தான் இருந்தது என்பதில் எனக்குத் தனி நிறைவு உண்டு.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி:

ஐயா, தாங்கள் கண்டது ஆயிரக்கணக்கில் வகுபடும் எண். நான் கண்டது அதற்கு நேர் எதிரானது. 2-ஐ 67 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் 147573952589676412927 என்ற 21 இலக்க எண்ணுக்கு நான்கே வகுத்திகள்தான். பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-இல் இதைப் பகா எண் என்று எழுதினார். லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர் 1876-இல், காரணி ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்காமலேயே, இது பகு எண் என்று நிறுவினார். 1903-இல் அமெரிக்கரான கோல் அந்தக் காரணிகளை வெளியிட்டார்: 193707721, 761838257287.

இவற்றை நானே பெருக்கிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில், ரோமன் ரோலண்ட் நூலகத்தில் ஒரு நாள் முற்பகல் கட்டம் போட்ட தாளோடு உட்கார்ந்தேன். ஒன்பது வரிகளை எழுதிக் கூட்டி முடித்தபின், சிறு வயதில் அப்பா சொல்லித் தந்தபடி, ஓரிலக்கமாகக் குறுகும்வரை இலக்கங்களைத் திரும்பத் திரும்பக் கூட்டிச் சோதித்தேன். இரண்டு காரணிகளும் 1 என்று குறுகின. அப்படியானால் விடையும் 1 என்றே குறுக வேண்டும், என் விடையோ 4 என்று குறுகியது. ஆறாவது வரியில் மீதி எடுத்துச் சென்ற 6-ஐ நான் கூட்டாமல் விட்டிருந்தேன். அதைச் சேர்த்ததும் 21 இலக்கங்களும் அப்படியே பொருந்தின.