கேசிங் ஸ்க்ரூ, ஸ்டான்ட்ஆஃப், எம்.2 ஸ்க்ரூ மட்டக்களப்பில் எங்கே எடுக்கலாம்?

பாடும்மீன்:
வணக்கம். கல்லடியில் கடற்கரைக்குக் கிட்ட வீடு, உப்புக்காற்றில் எங்கள் கம்ப்யூட்டர் கேசிங்கின் பின்பக்கம் முழுக்கத் துரு ஏறிவிட்டது. அதனால் பாவித்த கேசிங் ஒன்று வாங்கினேன், ஆனால் அதோடு ஸ்க்ரூப் பை வரவில்லை. பழைய கேசிங்கில் இருந்தவற்றில் பாதி துருப்பிடித்துத் தலை தேய்ந்து, குறட்டால் பிடித்துத் திருகித்தான் எடுத்தேன், அவற்றை இனிப் போட முடியாது. நகரத்தில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் மிச்சம் இருந்த ஒன்றைக் காட்டி இந்த அளவில் தாங்க என்று கேட்டதற்கு 3 மில்லிமீற்றர் என்று இருபது தந்தார்கள். அது மதர்போர்டுக்குச் சரியாக ஏறுகிறது, பவர் சப்ளையில் போட்டால் இறுகாமல் சும்மா சுற்றுகிறது. மதர்போர்டைக் கேசிங்கின் தகட்டில் முட்டாமல் தூக்கிப் பிடிக்கிற ஸ்டான்ட்ஆஃப் இரண்டு குறைகிறது. எம்.2 எஸ்எஸ்டியை, அதாவது போர்டிலேயே செருகுகிற தட்டையான சேமிப்பு அட்டையை, பிடிக்கிற குட்டி ஸ்க்ரூவும் தொலைந்து, எஸ்எஸ்டி ஒரு நுனியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. தங்கச்சிக்கு இந்த வருடம் ஏ.எல்., அவளுடைய பாடக் குறிப்புகள் எல்லாம் இதற்குள்தான். இந்தச் சின்னச் சாமானுக்காகக் கொழும்புக்கு பஸ் ஏற வேண்டுமா?

கல்முனை நானா:
தம்பி, கொழும்பு போகத் தேவையில்லை. கடையில் தந்தது பழுதான சாமானும் இல்லை, அது வேறு மரை. கேசிங்கில் இரண்டு வகை ஸ்க்ரூ வரும். பவர் சப்ளை, மூடி, பெரிய ஹார்ட் டிஸ்க் இவற்றுக்கு 6-32 என்கிற அமெரிக்க அங்குல மரை, அதாவது ஓர் அங்குலத்தில் 32 சுற்று, தடிப்பு ஏறக்குறைய 3.5 மில்லிமீற்றர். டிவிடி டிரைவுக்கும் 2.5 அங்குல எஸ்எஸ்டிக்கும் எம் 3, அது 3 மில்லிமீற்றர் தடிப்பு, மரை நெருக்கமாக இருக்கும். நம்முடைய ஹார்ட்வெயார் கடைகளில் மில்லிமீற்றர் கணக்குச் சாமான்தான் கூடுதலாகக் கிடைக்கும், அதனால்தான் உங்களுக்கு எம் 3 கிடைத்தது. 6-32 துளைக்குள் எம் 3 போட்டால் ஆடும், அவ்வளவுதான். மாறி நடந்தால்தான் நட்டம்: எம் 3 துளைக்குள் 6-32ஐ அமத்தித் திருகினால் மரை போய்விடும், பிறகு அந்தத் துளையில் எதுவும் பிடிக்காது.

எது எது என்று பிரிக்க அளவுகோல் வேண்டாம். இரண்டு ஸ்க்ரூவை எடுத்து மரையோடு மரை பொருந்த ஒட்டிப் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். ஒரே வகை என்றால் பல்லுக்குள் பல் முழுதாக உட்காரும், வேறு வகை என்றால் இரண்டு மூன்று பல் தாண்டியதும் இடைவெளி தெரியும். போடும்போது முதல் இரண்டு சுற்று விரலால்தான், விரலுக்குப் போகாவிட்டால் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவே வேண்டாம்.

கிடைக்கிற இடம் கேட்டீர்கள். புதிதாக விற்கிற கடையை விட, திருத்துகிற கடையில் கேளுங்கள். செத்த கேசிங்குகளைக் கழற்றிய ஸ்க்ரூ எல்லாம் ஒரு பால்மா டின்னில் கிடக்கும். என்னுடைய மேசையிலும் அப்படி இரண்டு டின் இருக்கிறது, கேட்டு வருகிறவர்களுக்குக் காசு வாங்காமல்தான் கொடுக்கிறேன்.

செங்கலடி:
ஸ்டான்ட்ஆஃப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது நான் பட்ட பாடு. அந்தப் பித்தளைக் குட்டிக் கால் மதர்போர்டின் துளைக்கு நேரே மட்டும்தான் இருக்க வேண்டும். நீங்கள் வாங்கிய பாவித்த கேசிங்கில் முன்பு பெரிய போர்ட் இருந்திருந்தால் உங்களுக்குத் தேவையில்லாத இடத்திலும் ஒன்று நிற்கும், அது போர்டின் கீழே உள்ள ஈயப் புள்ளியில் முட்டி ஷார்ட் ஆகும். எனக்கு அப்படித்தான் பவர் கொடுத்ததும் விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது, இரண்டு நாள் ரேமையும் பவர் சப்ளையையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் போர்டைத் தூக்கினேன். முதலில் போர்டை வெறுமனே வைத்துப் பார்த்து, கூடுதலாக நிற்கிறதைக் கழற்றி, குறைகிற இடத்துக்குப் போடுங்கள். உங்களுக்குக் குறைகிற இரண்டும் அங்கேயே கிடைத்தாலும் கிடைக்கும். உள் மரை கேசிங்குக்குக் கேசிங் மாறும், அதையும் விரலால் திருகிப் பாருங்கள்.

காத்தான்குடி:
எம்.2 ஸ்க்ரூ வேறு சாமான், அதன் மரை எம் 2, அதாவது 2 மில்லிமீற்றர் தடிப்பு, பெரும்பாலும் 3 மில்லிமீற்றர் நீளம். பழுதான லேப்டாப் கிடக்கிற கடையில் கேளுங்கள், எஸ்எஸ்டியையும் போர்டையும் கையோடு கொண்டுபோய் அங்கேயே போட்டுப் பார்ப்பது நல்லது. கிடைக்கும் வரை டேப் ஒட்டி வைக்கிறேன் என்று மட்டும் நினைக்காதீர்கள், எஸ்எஸ்டி சூடாகும், பசை இளகி விட்டுவிடும். போர்டில் அந்த ஸ்க்ரூ ஏறுகிற குட்டிக் கால் இருக்கிறதா என்றும் பாருங்கள், சில போர்ட்களில் அது தனியாகப் பெட்டிக்குள் வரும். அப்புறம், எப்படியும் திறந்து வைத்திருக்கிறீர்கள், கணினியின் நேரம் பின்னுக்குப் போகிறதென்றால் போர்டில் நாணயம் போல இருக்கிற சிஆர் 2032 பற்றரியையும் மாற்றிவிடுங்கள், அது மணிக்கூட்டுக் கடையிலேயே கிடைக்கும்.

பாடும்மீன்:
நானா, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னது போலவே மூன்றாவது பல்லில் விலகுகிறது. திருமலை வீதியில் ஒரு திருத்துகிற கடையில் 6-32 பன்னிரண்டு எடுத்தேன், பவர் சப்ளை இப்போது ஆடாமல் நிற்கிறது. செங்கலடி அண்ணா, உண்மையாகவே போர்டுக்கு அடியில் தேவையில்லாமல் ஒன்று நின்றது, நல்ல காலம் இன்னும் பவர் கொடுக்கவில்லை. அதைக் கழற்றி, ஸ்டான்ட்ஆஃப் குறைந்த ஒரு மூலையில் பூட்டினேன், மற்றதையும் அந்தக் கடைக்காரரே தந்தார். எம்.2 ஸ்க்ரூ அவரிடம் இல்லை, நாளைக்கு எஸ்எஸ்டியையும் எடுத்துக்கொண்டு காத்தான்குடிப் பக்கம் வருகிறேன். அதுவரை கேசிங் மூடி திறந்தபடி மேசையில் இருக்கிறது, உப்புக்காற்று படாமல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.