காரில் சார்ஜர் சாக்கெட் செத்துவிட்டது, ஃபியூஸ் எங்கே இருக்கும்?

கேள்வி: நேற்று டயருக்குக் காற்றடிக்கும் பம்பைச் செருகினேன், கொஞ்ச நேரத்தில் சாக்கெட் நின்றுவிட்டது. மற்றதெல்லாம் ஓடுகிறது. ஃபியூஸ்தானா அண்ணே?

பதில் 1: பெரும்பாலும் அதுதான். ஸ்டீயரிங்குக்குக் கீழே டேஷ்போர்டில் ஒரு பெட்டி, பானெட்டுக்குள் பேட்டரி பக்கம் இன்னொன்று இருக்கும். எது எதற்கு என்று மூடியின் உள்பக்கத்திலோ கையேட்டிலோ படம் போட்டிருப்பார்கள். வண்டியை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, ஃபியூஸை பிளாஸ்டிக் இடுக்கியால் நேராக இழுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் நடுக்கம்பி அறுந்திருப்பது தெரியும்.

பதில் 2: அதே ஆம்பியர்தான் போட வேண்டும் தம்பி. ஃபியூஸின் நிறமே சொல்லும்: நீலம் 15 ஆம்பியர், மஞ்சள் 20. நீலம் இருந்த இடத்தில் மஞ்சளைப் போட்டால் ஃபியூஸ் போவதற்குள் வயர் சூடாகி உருகலாம். ஃபியூஸுக்குப் பதிலாகக் கம்பி சுற்றவே கூடாது.

கேட்டவர்: நீலம்தான், நடுவில் கருகியிருந்தது. மாற்றினேன், சரியாகிவிட்டது. நன்றி அண்ணே.

பதில் 2: சரி, பம்பில் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கும், அதையும் பாருங்கள். மறுபடி போனால் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.