புதுப்பிப்பு: இன்ஹேலர் எடுத்தும் இரவில் இளைப்பு நிற்காதது குறித்து

கடலூர் முதுநகரில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் நான், தடுப்பு இன்ஹேலரைத் தவறாமல் எடுத்தும் இரவில் இளைப்பு நிற்கவில்லை என்று மார்கழியில் இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையே பொருத்தும் குழாய்) வைத்து எடுக்கச் சொன்ன யோசனைதான். என்னைத் தம் எதிரிலேயே இன்ஹேலரை எடுத்துக் காட்டச் சொன்ன மருத்துவர், அழுத்துவதும் மூச்சை இழுப்பதும் ஒன்றுசேராததால் மருந்து பெரும்பாலும் தொண்டையிலேயே படிந்துவிடுகிறது என்றார். இப்போது குலுக்கி, ஒருமுறை அழுத்தி, மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை மூச்சை அடக்குகிறேன். பின்பு வாய் கொப்பளிக்கிறேன். மூன்றாவது வாரத்தில் இரவு விழிப்பு நின்றது.

எதிர்பாராதது ஒன்று: பள்ளிப் பையிலிருந்த நீல நிற நிவாரண இன்ஹேலரில் மருந்து எப்போதோ தீர்ந்திருந்தது. குறிப்பிட்ட 200 முறை முடிந்த பிறகும் உந்துவாயு மட்டும் புஸ்ஸென்று வரும் என்பதை நான் அறியவில்லை (எண்காட்டி இல்லாத வகை அது). ஸ்பேசரைச் சோப்பு நீரில் அலசி, துணியால் துடைக்காமல் காயவிட வேண்டும். துடைத்தால் நிலைமின்னூட்டம் ஏறி மருந்து அதன் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.