‘சப்சிடியாரிட்டி’ என்பதைத் தமிழில் எப்படி விளக்குவது?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிறு மறைக்கல்வியில் திருச்சபையின் சமூகப் போதனையைக் கற்பித்து வருகிறேன். மனித மாண்பு, பொது நலன் ஆகியவற்றில் சிக்கல் எழவில்லை. தொழிலாளி சம்மதித்துவிட்டார் என்பதற்காகவே ஒரு கூலி நியாயமாகிவிடாது என்று 1891இல் திருத்தந்தை 13ஆம் லியோ ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலில் வாதிட்டதைச் சொன்னதும், சித்தாள் வேலைக்குப் போகும் தாயின் மகள் ஒருத்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

நான் தடுமாறுவது ‘சப்சிடியாரிட்டி’யில்தான். குடும்பமோ ஊரோ தானே செய்துகொள்ளக்கூடியதை மேலுள்ள பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளக் கூடாது, ஆனால் இயலாதபோது துணைநிற்க வேண்டும் என்பதே அதன் சாரம். 1931இல் திருத்தந்தை 11ஆம் பயஸ் ‘குவாத்ராஜேசிமோ ஆன்னோ’ சுற்றுமடலில் இதைத் தெளிவாக வகுத்தார். முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்ட ஒரு மாணவன், “அப்படியென்றால் ரேஷன் கடையே வேண்டாமா, சார்?” என்று கேட்டான். உதவி என்று பொருள்படும் இலத்தீன் வேர்ச்சொல் போரில் பின்னணியில் நிற்கும் துணைப்படையையும் குறிக்கும் என்றேன். அவனுக்கு அது போதவில்லை, உண்மையில் எனக்கும்தான்.

‘துணைமைக் கோட்பாடு’ என்று எழுதினால் புரியுமா, அல்லது வழக்கில் வேறு நல்ல சொல் உண்டா? பறிக்காமை, கைவிடாமை என்னும் இரு பக்கங்களையும் ஒருசேரக் காட்டும் அன்றாட எடுத்துக்காட்டு ஒன்றையும், கற்பித்த அனுபவமுள்ளோர் அடுத்த ஞாயிறுக்குள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.