ஆர்டர் மெயில், பார்சல் மெசேஜ், பட்டாசு விளம்பரம்: நீங்கள் பார்த்த ஏமாற்று வேலைகளைப் பகிருங்கள்

அடையாறு வங்கி ஊழியர்

ஆடித் தள்ளுபடியில் ஆரம்பித்து தீபாவளி முடிகிறவரை ஆன்லைன் ஆர்டர் கூடக்கூட ஏமாற்று மெயிலும் கூடும். கவுன்டருக்கு வருகிறவர்களில் பலர், "நான் எந்த லிங்க்கையும் தொடவே இல்லையே" என்கிறார்கள். அது உண்மைதான். இப்போது வருகிற ஒரு வகை மெயிலில் லிங்க்கே இருக்காது. 'உங்கள் ஆர்டர் உறுதியானது, ரூ.64,999 பிடிக்கப்படும், ரத்து செய்ய 24 மணி நேரத்துக்குள் இந்த எண்ணில் பேசவும்' என்று ஒரு பிடிஎஃப் பில் மட்டும் இணைந்திருக்கும். லிங்க் இல்லாததால் பல சமயம் ஸ்பேம் வடிகட்டியில் சிக்காமல் நேராக இன்பாக்ஸுக்கு வந்துவிடுகிறது.

பதறிப்போய் அழைத்தால் எதிர்முனையில் மரியாதையாகப் பேசுவார்கள். ரத்துப் படிவம் நிரப்ப உதவுவதாகச் சொல்லி, திரைப் பகிர்வு செயலி ஒன்றை இறக்கச் சொல்வார்கள். அதில் தெரியும் எண்ணைச் சொல்லி, வரும் அனுமதியையும் அழுத்திவிட்டால் உங்கள் போன் திரை அவர்கள் கண்முன் இருக்கும். பிறகு "பணம் திரும்ப வந்துவிட்டதா பாருங்கள்" என்று வங்கிக் கணக்கைத் திறக்கவைப்பார்கள். திரைப் பகிர்வு ஓடும்போது பல வங்கிச் செயலிகள் திறக்க மறுக்கும். உடனே "பிரவுசரில் நெட் பேங்கிங் போங்கள்" என்பார்கள். அந்த இடம் வந்தாலே போனை அணைத்துவிடுங்கள். அதற்குமேல் போனால் ஓடிபியை நீங்கள் வாயால் சொல்லத் தேவையே இருக்காது, திரையில் வரும்போது அவர்களே படித்துக்கொள்வார்கள்.

சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். மெயிலை மூடுங்கள். வழக்கமாக வாங்கும் கடையின் செயலியை நீங்களாகத் திறந்து 'மை ஆர்டர்ஸ்' பாருங்கள். அங்கே இல்லையென்றால் அப்படி ஒரு ஆர்டரே இல்லை. வங்கிச் செயலியில் கணக்கு விவரமும் பாருங்கள். மெயிலுக்குப் பதில் போடவும் வேண்டாம், 'அன்சப்ஸ்கிரைப்' அழுத்தவும் வேண்டாம். இரண்டுமே இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று அவர்களுக்குக் காட்டிக்கொடுக்கும்.

கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடி எடுப்பதும் இதே ஆபத்துதான். தேடலில் மேலே வரும் எண்ணை யார் வேண்டுமானாலும் போட்டிருக்கலாம். செயலிக்குள் இருக்கும் 'ஹெல்ப்', கார்டின் பின்பக்கம் அச்சிட்ட எண், இந்த இரண்டை மட்டும் நம்புங்கள். வங்கித் தளங்கள் 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. அந்த முகவரி வங்கிகளுக்கு மட்டுமே கிடைக்கும். வங்கிப் பெயரோடு வேறு வால் ஒட்டியிருக்கும் முகவரியில் பாஸ்வேர்டு போடாதீர்கள்.

ரிச்சி தெரு சர்வீஸ்

மெயில் அசலா என்று பார்க்கும் வழியை விளக்கமாகவே எழுதுகிறேன். அனுப்பியவர் பெயர் என்று மேலே தெரிவது வெறும் எழுத்து, யாரும் எதையும் போட்டுக்கொள்ளலாம். அதன்மேல் தட்டினால் முழு முகவரி வரும். 'அட்' குறிக்குப் பின்னால் உள்ளதைத்தான் படிக்க வேண்டும், அதுதான் டொமைன்.

ஜிமெயிலை மொபைலில் அல்ல, கம்ப்யூட்டர் பிரவுசரில் திறங்கள். மெயிலின் வலப்பக்கம் மூன்று புள்ளி இருக்கும், அதில் 'ஷோ ஒரிஜினல்'. மேலே எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று வரிகள் வரும், அந்த டொமைனிலிருந்துதான் மெயில் வந்ததா என்று பார்க்கும் சோதனைகள் அவை. பெரிய கடை, வங்கி பெயரில் வந்த மெயிலில் இவற்றில் 'ஃபெயில்' இருந்தால் அதை அத்தோடு விட்டுவிடலாம். ஆனால் மூன்றும் 'பாஸ்' என்பதாலேயே நல்ல மெயில் ஆகிவிடாது. ஏமாற்றுக்காரர் தன் பெயரில் ஒரு டொமைன் வாங்கி ஒழுங்காக அமைத்தால் அதுவும் பாஸ் ஆகும். 'பாஸ்' என்பது இந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்று மட்டுமே சொல்கிறது. அந்த டொமைன் யாருடையது என்று சொல்லாது. அதனால் பக்கத்தில் எழுதியிருக்கும் டொமைன் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஆங்கில 'ஆர்', 'என்' எழுத்துகள் ஒட்டி நின்றால் 'எம்' மாதிரி தெரியும். எல்லுக்குப் பதில் 1, ஓவுக்குப் பதில் 0 இருக்கும். 'ரிப்ளை டு' வரியில் வேறு முகவரி இருந்தால் அதையும் கவனியுங்கள்.

இணைய முகவரியை வலமிருந்து இடமாகப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் நிற்கும் 'டாட் காம்', 'டாட் இன்' அல்லது 'டாட் பேங்க் டாட் இன்', அதற்கு ஒட்டி இடப்பக்கம் உள்ள சொல், இந்த இரண்டும்தான் உரிமையாளர். அதற்கு இடப்பக்கம் எவ்வளவு பெரிய கம்பெனி பெயர் இருந்தாலும் கணக்கில்லை. பூட்டுக் குறி இருக்கிறதே என்பார்கள். பாதுகாப்புச் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது, போலிக் கடையும் வாங்கி வைத்திருக்கும். அந்தக் குறியைப் பார்த்து ஜனங்கள் தவறாக நம்புகிறார்கள் என்றுதான் 2023-ல் குரோமிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள்.

கடை புதிதாகத் தெரிந்தால் 'ஹூ இஸ்' தேடலில் டொமைன் எப்போது பதிவானது என்று பாருங்கள். '25 ஆண்டுப் பாரம்பரியம்' என்று முகப்பில் போட்டு, டொமைன் மூன்று வாரம் முன்பு பதிவாகியிருந்தால் வேறு சோதனையே வேண்டாம்.

வேளச்சேரி மீனா

ரிச்சி தெரு சார், லிங்க்கைத் தட்டி மெயில் பாஸ்வேர்டைப் போட்டாகிவிட்டது என்றால்? பாஸ்வேர்டை மாற்றினால் போதுமா?

ரிச்சி தெரு சர்வீஸ்

போதாது மேடம். உள்ளே வந்தவன் முதலில் செய்வது, வங்கியிலிருந்தும் கடையிலிருந்தும் வரும் மெயில்கள் தன் முகவரிக்குத் தானாகப் போகும்படி அமைப்பதுதான். நீங்கள் பாஸ்வேர்டு மாற்றினாலும் அது போய்க்கொண்டே இருக்கும். ஜிமெயில் செட்டிங்ஸில் 'ஃபார்வர்டிங்' பக்கத்தையும் 'ஃபில்டர்ஸ்' பக்கத்தையும் திறந்து, தெரியாத வரி எதுவாக இருந்தாலும் நீக்குங்கள். ரெக்கவரி போன், ரெக்கவரி மெயில் இரண்டும் உங்களுடையதுதானா பாருங்கள். எல்லாச் சாதனங்களிலிருந்தும் சைன் அவுட் செய்து, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். அதே பாஸ்வேர்டு எந்தக் கடையில் இருந்தாலும் அங்கேயும் மாற்றுங்கள்.

கடைகளுக்குக் கொடுக்கும் முகவரியில் ஒரு உத்தி உண்டு. ஜிமெயிலில் உங்கள் பெயருக்குப் பின் கூட்டல் குறி போட்டுக் கடையின் பெயரைச் சேர்த்துக் கொடுத்தாலும் மெயில் உங்களுக்கே வரும். துணிக்கடைக்கென்று கொடுத்த அந்த முகவரிக்கு 'வங்கி கேஒய்சி' மெயில் வந்தால், அது போலி என்பது பார்த்தவுடனே தெரியும்.

தபால் பட்டுவாடா

'முகவரி முழுமையாக இல்லாததால் உங்கள் பார்சல் கிடங்கில் நிற்கிறது, 48 மணி நேரத்துக்குள் திருத்தவும்' என்று இந்திய அஞ்சல் துறை பெயரில் வருவது போலி என்று மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகமான பிஐபியின் உண்மை சரிபார்ப்புப் பிரிவே அறிவித்திருக்கிறது. ஆனாலும் வந்துகொண்டேதான் இருக்கிறது. ஐபோனில் ஏதோ ஒரு மெயில் ஐடியிலிருந்து ஐமெசேஜாக வரும். ஸ்பீடு போஸ்ட் எண் 13 எழுத்து: முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் 9 இலக்கம், கடைசியில் 'ஐஎன்'. மெசேஜில் அப்படி எண்ணே இருக்காது. இருந்தாலும் அந்த லிங்க்கில் போகாமல், அஞ்சல் துறையின் சொந்தத் தளத்தில் நீங்களே எண்ணை அடித்துப் பாருங்கள்.

கேட்பது வெறும் 25 ரூபாய்தானே என்று கட்டிவிடுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது அந்த 25 ரூபாய் இல்லை. கார்டு எண், முடியும் மாதம், பின்பக்க மூன்று இலக்கம் எல்லாம் அந்தப் பக்கத்தில் பதிவாகிவிடும். வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் ஓடிபி இல்லாமலே கார்டில் பணம் எடுக்க முடியும். அதனால்தான் நடு இரவில் டாலரில் பணம் போனதாக மெசேஜ் வருகிறது.

இன்னொன்று, "டெலிவரி பாய் பேசுகிறேன், என் போன் சரியில்லை, இந்த எண்ணை டயல் செய்தால் பார்சல் உறுதியாகும்" என்று கேட்பது. அந்த எண் நட்சத்திரக் குறியோடு 21, 61, 67 அல்லது 401 என்று தொடங்கி, பின்னால் ஒரு மொபைல் எண் இருந்தால் அது கால் ஃபார்வர்டிங். உங்களுக்கு வரும் அழைப்பு அவனுக்குப் போகும். வாட்ஸ்அப் சரிபார்ப்புக் குறியீட்டைப் போன் அழைப்பாகக் கேட்டு வாங்கிக்கொள்வான். டயல் செய்துவிட்டால் உடனே ##002# அடியுங்கள், எல்லா ஃபார்வர்டிங்கும் ரத்தாகும்.

அடையாறு வங்கி ஊழியர்

தபால் சார் சொன்ன கார்டு விஷயத்துக்கு வங்கிச் செயலியிலேயே வழி இருக்கிறது. ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 அக்டோபர் முதல் எல்லாக் கார்டுக்கும் வெளிநாட்டுப் பரிவர்த்தனை, ஆன்லைன் பரிவர்த்தனை, கடை மெஷினில் கார்டைத் தட்டிப் பணம் கட்டுவது மூன்றையும் தனித்தனியாக அணைக்கலாம், வரம்பும் வைக்கலாம். வெளிநாட்டை நிரந்தரமாக அணைத்து வையுங்கள். ஆன்லைனுக்கு மாதம் வாங்குகிற அளவுக்கு மட்டும் வரம்பு போதும். தயவுசெய்து வீட்டில் பெரியவர்களின் கார்டிலும் இதை இன்றைக்கே செய்துகொடுங்கள்.

பாரிமுனை வழக்கறிஞர்

பட்டாசு பற்றி ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆன்லைன் பட்டாசு விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23-ல் தடை போட்டது. 'சிவகாசி நேரடி விலை, 80 சதவீதத் தள்ளுபடி, முன்பணம் கட்டினால் வீட்டுக்கே லாரியில் வரும்' என்ற விளம்பரத்தில் நல்லது கெட்டது பிரிக்கவே தேவையில்லை. தமிழ்நாடு காவல்துறையின் சைபர் கிரைம் பிரிவும் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது.

நெசவுக்கடை அக்கா

புடவை விளம்பரத்தில்தான் பெண்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். அசல் காஞ்சிபுரம் பட்டு 1,499 ரூபாய்க்கு வராது. பட்டு நூல், சரிகை விலையே அதற்கு இடம் கொடுக்காது. விளம்பரப் படத்தைச் சேமித்து கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். அதே படம் நாலு கடைப் பெயரில் வந்தால் நம்பாதீர்கள். ஃபேஸ்புக்கில் அந்தப் பக்கத்தின் 'பேஜ் டிரான்ஸ்பரன்சி' திறந்தால் எப்போது தொடங்கினார்கள், முன்பு என்ன பெயர் இருந்தது என்று தெரியும். போன மாதம் வரை கிரிக்கெட் பக்கமாக இருந்தது இன்று பட்டு மாளிகை ஆகியிருக்கும். கமென்ட் மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஜிஎஸ்டி எண் கேளுங்கள். 15 எழுத்து இருக்கும், முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. ஜிஎஸ்டி தளத்தில் 'சர்ச் டேக்ஸ்பேயர்' பகுதியில் அடித்தால் நிறுவனத்தின் சட்டப்பெயரும் பதிவு இன்னும் நடப்பில் உள்ளதா என்பதும் வரும். தி.நகர் கடை என்று சொல்லி எண் 07-ல் தொடங்கினால் அது டெல்லிப் பதிவு. வீட்டிலேயே விற்கும் சிறு வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி இல்லாமல் இருக்கலாம், அவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர் இல்லை. அப்போது வீடியோ காலில் புடவையை விரித்துக் காட்டச் சொல்லுங்கள், முதலில் ஒன்று மட்டும் வாங்குங்கள். யுபிஐயில் பின் போடும் முன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். கடைப் பெயர் ஒன்று, கணக்குப் பெயர் சம்பந்தமில்லாத தனி ஆள் என்றால் நிறுத்துங்கள். ரீஃபண்ட் வாங்க க்யூஆர் ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் போடவும் வேண்டாம். பின் கேட்டாலே பணம் உங்களிடமிருந்து போகப்போகிறது.

கேஷ் ஆன் டெலிவரி என்றால் பயமில்லை என்று நினைக்காதீர்கள். பணம் கொடுத்துப் பிரித்தால் உள்ளே கிழிந்த துணி இருக்கும். ஆர்டர் போட்ட கடைப் பெயரும் பார்சலில் அனுப்புநர் பெயரும் வேறாக இருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். வாங்கினால் லேபிள் தெரியும்படி, வெட்டாமல் ஒரே வீடியோவாகப் பிரியுங்கள்.

வேளச்சேரி மீனா

அக்கா, ரொம்ப நன்றி. வங்கி சார், ஓடிபி கொடுத்துவிட்டால் வங்கி ஒரு ரூபாய் தராது என்கிறார்களே?

அடையாறு வங்கி ஊழியர்

பாதி உண்மை மேடம். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாவது இடத்தில் நடந்த கோளாறால் பணம் போய், மெசேஜ் வந்த 3 வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு இழப்பே இல்லை. 4 முதல் 7 வேலை நாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு உங்கள் பொறுப்பு அதிகபட்சம் ரூ.10,000. நீங்களே ஓடிபி, பின் கொடுத்திருந்தால், வங்கியிடம் சொல்கிறவரை போன பணம் உங்கள் நஷ்டம். சொன்ன பிறகு போவது வங்கியின் நஷ்டம். ஆக, ஓடிபி கொடுத்தவர்தான் இன்னும் வேகமாகச் சொல்ல வேண்டும். வெட்கத்தில் இரண்டு நாள் மூடி வைப்பவர்களைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை.

பாரிமுனை வழக்கறிஞர்

வங்கிக்குச் சொன்ன கையோடு சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் பேசுங்கள். ஸ்டேஷனுக்கோ வேப்பேரி கமிஷனர் அலுவலகத்துக்கோ ஆட்டோ பிடிக்கும் முன்பே இதைச் செய்யுங்கள். பணம் ஒரு கணக்கில் நிற்காது, அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறி ஏடிஎம்மில் எடுக்கப்படும். 1930-ல் பதிவானால் அந்தந்த வங்கிக்குத் தகவல் போய், மீதியிருப்பதை நிறுத்தி வைப்பார்கள். கையில் வைத்திருக்க வேண்டியவை: பணம் போன கணக்கு எண் அல்லது கார்டு எண், தொகை, தேதி, நேரம், யுபிஐ என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண். பதிவு எண் மெசேஜில் வரும். அதை வைத்து 24 மணி நேரத்துக்குள் தேசிய சைபர் கிரைம் தளத்தில் முழுப் புகாரையும் ஸ்கிரீன்ஷாட்டுகளோடு ஏற்றிவிடுங்கள். மெயிலை அழிக்காதீர்கள், ஃபார்வர்டு செய்தால் மூலத் தலைப்பு விவரம் மாறிவிடும், 'ஷோ ஒரிஜினல்' பக்கத்திலிருந்து இறக்கிச் சேமியுங்கள்.

நிறுத்தி வைத்த பணம் தானாக வந்துவிடும் என்று காத்திருப்பவர்கள் நிறைய. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 503-ஆம் பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட் முன் மனு போட்டு உத்தரவு வாங்கி அதை வங்கிக்குக் கொடுக்கும் வழி இருக்கிறது. எந்த வங்கியில் எவ்வளவு நிற்கிறது என்ற விவரத்தைப் புலனாய்வு அதிகாரியிடம் கேட்டு வாங்குங்கள்.

கடை உண்மையானது, பொருள்தான் மட்டம் என்றால் அது வேறு பாதை. 2020 மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு தளமும் குறைதீர் அதிகாரியின் பெயரைப் போட வேண்டும்; 48 மணி நேரத்தில் புகாரை ஏற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தீர்க்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது.

புகார் கொடுத்த சில நாளில், "சைபர் கிரைமிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணம் கிடைத்துவிட்டது, விடுவிக்க 2 சதவீதம் கட்டுங்கள்" என்று அழைப்பு வரலாம். ஏமாந்தவர்களின் பட்டியல் இவர்களுக்குள் கைமாறுகிறது. 1930-க்கும் தேசிய தளத்துக்கும் எந்தக் கட்டத்திலும் கட்டணமே இல்லை. அப்படி அழைத்த போன் எண்ணையும் உங்கள் பழைய பதிவு எண்ணைக் குறிப்பிட்டுப் புகாரில் சேர்த்துவிடுங்கள்.