2004-இல் சுனாமி வந்தது, 2012-இல் ஏன் வரவில்லை?

கேள்வி:
2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கம் 9.1; 2012 ஏப்ரல் 11 நிலநடுக்கம் 8.6. இரண்டும் கடலுக்கடியில்தான். இரண்டாவதற்கு எச்சரிக்கை விட்டும் பெரிய அலை வரவில்லையே? அளவு குறைந்ததுதான் காரணமா? பிளஸ் டூ மாணவர்களுக்கு விளக்க வேண்டும்.

கடலடி:
அளவும் ஒரு காரணம், 9.1-இன் ஆற்றல் 8.6-ஐப் போல ஐந்தாறு மடங்கு. ஆனால் கடல்தளம் எந்தத் திசையில் அசைந்தது என்பதே முக்கியம். 2004-இல் நடந்தது, பூமியின் மேலோட்டுத் தட்டுகள் இரண்டு ஒன்றையொன்று நோக்கி வரும் இணையும் எல்லையில். அங்கே சுந்தா அகழி என்னும் ஆழ்கடல் பள்ளம் வழியாக இந்தியத் தட்டு, பர்மா சிறுதட்டுக்கு அடியில் இறங்குகிறது. உரசும் பரப்பு வழுக்கிக்கொண்டே இருக்காது, இறுகிக்கொள்ளும். இறங்கும் தட்டு, மேல்தட்டின் விளிம்பையும் சேர்த்துக் கீழே இழுத்து வளைக்கும். நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த அந்த வளைவு சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்குச் சில நிமிடங்களில் விடுபட்டது. விளிம்பு மீட்டர் கணக்கில் எழும்ப, மேலே இருந்த நீர் மொத்தமும் உயர்ந்தது.

2012-இல் பாறை பக்கவாட்டில் நகர்ந்தது. கடல்தளம் பெரிதாக ஏறி இறங்காததால் சுமத்ரா கரையிலேயே அலை ஒரு மீட்டர் அளவோடு நின்றது.

பாறைவாசி:
ஒரு திருத்தம் அவசியம்: 2012-ஐப் ‘பக்கவாட்டு எல்லை’ என்று கரும்பலகையில் எழுதிவிடாதீர்கள். அது அகழிக்கு மேற்கே, இந்திய-ஆஸ்திரேலியத் தட்டுக்கு உள்ளேயே நடந்தது. இந்தியப் பகுதியை இமயமலை தடுத்து நிறுத்துகிறது. ஆஸ்திரேலியப் பகுதி தடையின்றி வடகிழக்கே போகிறது. நடுவில் சிக்கிய பாறை, ஒன்றையொன்று ஏறக்குறைய செங்கோணத்தில் வெட்டிக்கொள்ளும் பல பிளவுகளில் உடைந்தது.

பக்கவாட்டு நகர்வுக்கு சுமத்ரா நிலப்பரப்பில் ஓடும் 1,900 கி.மீ. பெரும்பிளவைக் காட்டுங்கள். தட்டு சாய்வாக வந்து மோதுவதால் உண்டானது அது. விலகும் எல்லைக்கு எடுத்துக்காட்டாக, பக்கத்திலேயே அந்தமான் கடல் இருக்கிறது.

தட்டை நகர்த்துவது எது என்று கேட்டால், பூமிக்குள் சூடான பாறை மேலெழுந்து சுழல்வதைக் காட்டும் கொதிக்கும் பானைப் படத்தோடு நிறுத்த வேண்டாம். குளிர்ந்து கனத்த கடல்தட்டு, மூழ்கும்போது தன் எடையாலேயே மீதியை இழுக்கிறது. அதுதான் முதன்மை விசை.

அலைமானி:
2004-இல் விளிம்பு எழும்பியபோது அதற்குக் கிழக்கே தரை தாழ்ந்தது. கிரேட் நிக்கோபார் இந்திரா முனையில் சுமார் நான்கு மீட்டர். கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதியே கடலுக்குள் போய்விட்டது. தாழ்ந்த பக்கம் தாய்லாந்தை நோக்கி இருந்ததால்தான் அங்கே கடல் முதலில் உள்வாங்கியது. எழும்பிய பக்கத்தை நோக்கி இருந்த தமிழகத்துக்கும் இலங்கைக்கும் முதலில் வந்ததே ஏறும் அலை. ‘கடல் உள்வாங்கினால்தான் சுனாமி’ என்று மாணவர்களுக்குத் தயவுசெய்து சொல்லாதீர்கள். நம் கரையில் அதற்காகக் காத்திருந்தால் ஓட நேரமிருக்காது.